பெயர் மறைக்கப்பட்ட முகம்

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள். பேராசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைத்துக்கொண்டு வந்தார். என் பெயர் வந்ததும் எழுந்து நின்று, உள்ளேன் ஐயா என்றேன். எல்லோருக்கும் அது சாதாரண நிகழ்ச்சி. எனக்கு அப்படியில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு கல்லூரியின் பதிவேட்டில் ஏறிய முதல் பெயர் என்னுடையது. பெயர் என்பது வெறும் எழுத்துக் கூட்டம் அன்று. இவர் இங்கே இருக்கிறார், இந்த வேலையைச் செய்தவர் இவர் என்பதற்கான சான்று அது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த உணர்வோடு இருந்த எனக்கு, ஒரு நடிகையின் வாழ்க்கை வரலாறு தற்செயலாகக் கிடைத்தது. தேடியது நடிகையை அன்று. மோட்டார் வண்டிகளின் பின்புறம் எரியும் நிறுத்து விளக்கும், வலம் இடம் திரும்புவதைக் காட்டும் சைகை விளக்கும் எப்படித் தோன்றின என்பதை அறிய முற்பட்டேன். இயற்பியல் மாணவருக்கு அது இயல்பான ஆவல்தானே! அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் நின்றவர் பொறியாளர் அல்லர். பேசாப் படக் காலத்து நடிகை ஒருவர். அவர் பெயர் பிளாரன்ஸ் லாரன்ஸ். கனடா நாட்டில் பிறந்தவர். ஒரு காலத்தில் அமெரிக்காவின் ஊர்தோறும் மக்கள் அவர் முகத்தை அறிந்திருந்தனர். பெயரை மட்டும் அறியவில்லை. அறிய விடவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

மேடையில் வளர்ந்த குழந்தை

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஹாமில்டன் என்னும் நகரம் இருக்கிறது. அங்கே 1886-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பிளாரன்ஸ் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பிரிட்ஜ்வுட், குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளி. தாயார் சார்லட் பிரிட்ஜ்வுட், நாடக நடிகை. லோட்டா லாரன்ஸ் என்ற மேடைப் பெயரில் ஒரு நாடகக் குழுவையே நடத்தி வந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டனர். குழந்தை தாயாரோடு வளர்ந்தது. தாயாரின் மேடைப் பெயரையே தன் குடும்பப் பெயராகவும் ஏற்றது.

நாடகக் குழுவின் வாழ்க்கை நாடோடி வாழ்க்கை. இன்று ஓர் ஊர், நாளை மற்றோர் ஊர். நன்றாகப் பேசவும் வராத வயதிலேயே பிளாரன்ஸ் மேடை ஏறிவிட்டார். சீட்டியடித்துப் பாட்டிசைக்கும் அதிசயக் குழந்தை என்று விளம்பரம் செய்தார்கள். பன்னிரண்டு வயதிருக்கும்போது, 1898-இல், தந்தை கரிவாயுவின் நச்சால் இறந்தார். தாயார் பிள்ளைகளுடன் அமெரிக்காவின் பபலோ நகருக்குக் குடிபெயர்ந்தார். பள்ளிப் படிப்பு, குதிரையேற்றம், மறுபடியும் நாடகம் என நாள்கள் நகர்ந்தன. பிற்காலத்தில் அவருக்குத் திரைப்பட வாயிலைத் திறந்துவிட்டது, இந்தக் குதிரையேற்றம்தான்.

ஐந்து டாலர் கூலி

1906-ஆம் ஆண்டின் இறுதியில் தாயும் மகளும் நியூயார்க்கில் வேலை தேடிக்கொண்டிருந்தனர். நாடகத் தொழில் நலிந்திருந்த நேரம். எடிசன் நிறுவனம் டேனியல் பூன் என்னும் எல்லைப்புற வீரனின் கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தது. குதிரை ஏறத் தெரிந்த பெண் தேவைப்பட்டாள். பிளாரன்சுக்கு வேடம் கிடைத்தது; தாயாருக்கும் ஒரு சிறு வேடம். கடுங்குளிரில், திறந்த வெளியில், நாளொன்றுக்கு 5 டாலர் கூலிக்கு நடித்தார்கள்.

அடுத்து வைட்டாகிராப் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே வாரச் சம்பளம் 20 டாலர். ஆனால் நடிப்பு மட்டும் வேலையன்று. உடைகளைத் தைத்துக் கொடுக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. 1908-இல் பயாகிராப் நிறுவனத்தின் இயக்குநர் டி.டபிள்யூ. கிரிபித் புதிய முகம் ஒன்றைத் தேடினார். வாரம் 25 டாலர், நடித்தால் போதும், தைக்க வேண்டாம் என்றார்கள். பிளாரன்ஸ் அங்கே சென்றார். கூலியில் கூடியது ஐந்து டாலர்தான். ஆனால் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கலையை மட்டும் கவனிக்கும் வாய்ப்பு அன்றுதான் அவருக்கு வாய்த்தது. அதே ஆண்டில் ஹாரி சால்டர் என்ற நடிகரை மணந்தார்.

அக்காலத் திரைப்படம் இன்றைய திரைப்படம் போன்றதன்று. ஒரு படம் ஏறத்தாழ பத்துப் பதினைந்து நிமிடமே ஓடும். பேச்சில்லை. கடைவீதியில் ஒரு கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு, ஐந்து சென்ட் கட்டணத்திற்குப் படம் காட்டுவார்கள். பெரும்பாலும் தொழிலாளர்களும், பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுமே அங்கே கூடினார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் படம் புரிந்தது. கிரிபித் வாரத்திற்கு ஏறக்குறைய இரண்டு படங்களை எடுத்துத் தள்ளினார். 1908-இல் அவர் இயக்கிய படங்களில் பெரும்பாலானவற்றில் பிளாரன்ஸ் தோன்றினார். ஒரு வாரம் ஏழைப் பெண், மறுவாரம் சீமாட்டி. டால்ஸ்டாயின் புத்துயிர்ப்பு நாவலைத் தழுவிய படத்தில் சோகத்தைக் காட்டினார். ஜோன்ஸ் தம்பதியரின் குடும்பச் சண்டைகளைக் காட்டும் படங்களில் சிரிக்க வைத்தார்.

மறைத்த காரணம்

மக்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்தப் பெண் நடித்த படம் இந்த வாரம் உண்டா என்று கொட்டகைக்காரர்களைக் கேட்டார்கள். அவர் பெயர் என்ன என்று நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் வாய் திறக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். நடித்தவர் பெயர் ஒன்றுகூட இராது. வேறு வழியின்றி மக்களே அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பயாகிராப் பெண் என்பது அந்தப் பெயர். அதிலும் பாருங்கள், முன்னே நிற்பது முதலாளியின் பெயர்தான்!

ஏன் மறைத்தார்கள்? நாடக மேடையிலிருந்து வந்த நடிகர்களில் சிலர், படத்தில் நடிப்பதை இழிவாக எண்ணித் தாங்களே பெயரை மறைத்துக்கொண்டது உண்டு. ஆனால் முதன்மையான காரணம் வேறு. பெயர் தெரிந்துவிட்டால் புகழ் வரும். புகழ் வந்தால் கூலி கேட்பார்கள். பெயரில்லாத ஆளை மாற்றுவது எளிது. ஒருவர் போனால் மற்றொருவரைக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தலாம். பெயரை மறைத்தது ஒரு கணக்கு. கூலியைக் குறைப்பதற்கான கணக்கு. இது ஊகமன்று என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின. பிளாரன்ஸ் விலகிய பின்பு அந்த இடத்திற்கு மற்றொரு பெண் வந்தார். அவரும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், டொரண்டோவில் பிறந்தவர். அவரையும் மக்கள் பயாகிராப் பெண் என்றே அழைக்கலாயினர். அவர்தான் மேரி பிக்போர்டு. பெயர் வெளிவந்த பின் அவருடைய ஊதியம் எந்த உயரத்திற்குச் சென்றது என்பதைத் திரைப்பட வரலாறு படித்தோர் அறிவர். 1919-இல் அவர் சாப்ளின், பேர்பாங்ஸ், கிரிபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தையே தோற்றுவித்தார். முதலாளிகள் அஞ்சியது எதுவோ, அதுவே நடந்தது.

செத்துப் பிழைத்த பெயர்

1909-இல் பிளாரன்சும் அவர் கணவரும் நல்ல ஊதியம் வேண்டி எஸ்ஸனே என்ற வேறொரு நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார்கள். அந்த நிறுவனம் வேலை தருவதற்குப் பதிலாகப் பயாகிராப்பிடம் செய்தியைச் சொல்லிவிட்டது. முதலாளிகளுக்குள் இருந்த ஒற்றுமை அப்படிப்பட்டது. இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அந்நாளில் எடிசன் தலைமையில் பெரிய நிறுவனங்கள் ஒன்றுகூடிக் காப்புரிமையின் பெயரால் திரைப்படத் தொழிலைத் தம் பிடிக்குள் வைத்திருந்தன. அந்தக் கூட்டை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் கார்ல் லெம்லி. ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து, துணிக்கடையில் வேலை பார்த்து, பின்னர் படக்கொட்டகை நடத்தியவர். ஐ.எம்.பி. என்ற நிறுவனத்தை 1909-இல் தொடங்கியிருந்தார். பிளாரன்சுக்கு அவர் வேலை கொடுத்தார். அதோடு பெயரையும் வெளியிட முடிவு செய்தார்.

வெளியிட்ட முறைதான் வேடிக்கை. பயாகிராப் பெண் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டதாக ஒரு செய்தி பரவியது. 1910 மார்ச் மாதத்தில், அச்செய்தி பொய், பிளாரன்ஸ் லாரன்ஸ் நலமாக இருக்கிறார், இப்போது எங்கள் படத்தில் நடிக்கிறார் என்னும் கருத்தில் லெம்லியின் நிறுவனம் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. பொய்யைக் கிளப்பியவரும் மறுத்தவரும் ஒருவரே என்பது பின்னாளில் பலருடைய முடிவு. பிறகு செயின்ட் லூயிஸ் நகருக்கு அவரை நேரில் அழைத்துச் சென்றார்கள். உடன் சென்றவர் அந்நகரத்து நடிகர் கிங் பேகட். ரயில் நிலையத்தில் கூட்டம் திரண்டது. மக்கள் நெருக்கியடித்து அவர் மேலங்கியின் பொத்தான்களைப் பிய்த்துக்கொண்டதாகவும் கூறுவர். திரையில் மட்டும் கண்ட முகத்திற்கு உயிரும் பெயரும் உண்டு என்று அன்று அவர்கள் நேரில் கண்டார்கள்.

இதனாலேயே பிளாரன்சை உலகின் முதல் திரைப்பட நட்சத்திரம் என்று பல நூல்கள் கூறுகின்றன. இது முழுக்கச் சரியன்று என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. பிரான்சு நாட்டின் மாக்ஸ் லிண்டர் போன்றோர் ஏறத்தாழ அதே காலத்தில் பெயர் பெற்றிருந்தனர். முதலாவதா இரண்டாவதா என்பது நமக்கு முக்கியமன்று. பெயரைச் சொன்னால் கூலி உயரும் என்று அஞ்சிய ஒரு தொழிலில், பெயரைச் சொன்னால் படமும் விற்கும் என்று எல்லோர்க்கும் தெரியும்படி மெய்ப்பிக்கப்பட்டது அவரால்தான்.

சொந்த நிறுவனமும் சைகைக் கரமும்

1911-இல் லூபின் நிறுவனத்திற்குச் சென்று ஆர்தர் ஜான்சனுடன் பல படங்களில் நடித்தார். 1912-இல் லெம்லியின் ஆதரவோடு விக்டர் திரைப்பட நிறுவனத்தை அவரும் கணவரும் தொடங்கினார்கள். உடை தைத்துக் கொடுத்த பெண், நான்கு ஆண்டுகளுக்குள் சொந்த நிறுவனம் கண்டார். அவருடைய வாரச் சம்பளம் இப்போது 500 டாலர். நியூஜெர்சியில் நிலம் வாங்கினார். ரோஜாத் தோட்டம் வளர்த்தார்.

மோட்டார் வண்டியும் வாங்கினார். அதை ஓட்டுவது மட்டுமன்றி, அதன் உள்ளுறுப்புகளை ஆராய்வதிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. அன்று சாலையில் செல்லும் வண்டி எப்போது திரும்பும், எப்போது நிற்கும் என்று பின்னால் வருவோர்க்குத் தெரியாது. ஓட்டுநர் கையை வெளியே நீட்டினால்தான் உண்டு. 1914-ஆம் ஆண்டு வாக்கில் பிளாரன்ஸ் இதற்கொரு வழி கண்டார். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால், வண்டியின் பின்புறத்தில் உள்ள ஒரு கரம் உயர்ந்தோ தாழ்ந்தோ திரும்பும் திசையைக் காட்டும். தடையை மிதித்தால், நிறுத்தம் என்று எழுதிய பலகை ஒன்று பின்னால் தானாக எழும். தடையின் இயக்கத்தையும் அறிவிப்பின் இயக்கத்தையும் ஒன்றோடொன்று பிணைத்ததே இதன் நுட்பம். ஓட்டுநர் தனியே நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மிதித்தாலே செய்தி பின்னால் போய்விடும். இன்றைய நிறுத்து விளக்கும் அதே கொள்கையில்தான் எரிகிறது. பலகையின் இடத்தில் மின்விளக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

இக்கருவிகளுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. மற்றவர்கள் தத்தம் வழியில் இவற்றைச் செம்மைப்படுத்தினார்கள். மோட்டார் நிறுவனங்கள் பயன்படுத்திக்கொண்டன. அவருக்குக் காசும் வரவில்லை. கருவியோடு பெயரும் ஒட்டவில்லை. அவருடைய தாயார் சார்லட்டும் கண்டுபிடிப்பாளரே. வண்டியின் முன்கண்ணாடியில் விழும் மழைநீரை மின்விசையால் துடைக்கும் கருவி ஒன்றுக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். அதனாலும் அக்குடும்பத்திற்குப் பெரிய பயன் விளையவில்லை. திரையில் பெயருக்காகப் போராடி வென்றவர், பட்டறையில் அதைக் கவனியாமல் விட்டார் என்பதை எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது.

தீயும் வீழ்ச்சியும்

முதல் உலகப்போர் தொடங்கிய காலம். ஒரு படத்திற்காக மூட்டிய தீ கட்டுக்கு மீறிப் பரவியது. பிளாரன்சுக்குத் தீக்காயம் ஏற்பட்டது. விழுந்ததில் முதுகிலும் பலத்த அடி. உடலோடு மனமும் தளர்ந்தது. மருத்துவச் செலவை நிறுவனம் ஏற்கவில்லை என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கணவரோடும் பிணக்கு முற்றியது. 1916-இல் மீண்டும் ஒரு நீண்ட படத்தில் நடித்தார். அந்த உழைப்பை உடல் தாங்கவில்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

சினிமா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. படங்கள் நீண்டன, தொழில் கலிபோர்னியாவிற்கு இடம் பெயர்ந்தது, புதிய முகங்கள் வந்தன. 1920-களின் தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தபோது கிடைத்தவை சிறு வேடங்களே. சால்டர் 1920-இல் இறந்துவிட்டார். இரண்டாவது கணவருடன் லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர்களுக்கான ஒப்பனைப் பொருள் கடை ஒன்றை நடத்தினார். 1929-இல் தாயார் மறைந்தார். அதே ஆண்டில் பங்குச் சந்தை வீழ்ந்தது. மீதமிருந்த செல்வமும் கரைந்தது. திருமணம் முறிந்தது. மூன்றாம் திருமணம் அடியும் துன்பமுமாகச் சில மாதங்களில் முடிந்தது.

1936-இல் எம்.ஜி.எம். நிறுவனம் பழைய நடிகர் சிலருக்கு இரக்கத்தின் பேரில் வேலை கொடுத்தது. கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலை. வாரம் 75 டாலர். அந்தப் படங்களில் அவர் பெயர் திரையில் வருவதில்லை. எந்த இருட்டிலிருந்து தொழிலையே வெளியே கொண்டுவந்தாரோ, அந்த இருட்டிற்கே அவர் திரும்பியிருந்தார். எலும்பு மச்சையைத் தாக்கும் நோயும் சேர்ந்துகொண்டது. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. வலியும் சோர்வும் தாளாமல், 1938 டிசம்பர் 28-ஆம் நாள் அவர் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். வயது 52. அவர் முடிவை நான் போற்றவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அவ்வளவு பேர் அறிந்த ஒருவர் அவ்வளவு தனிமையில் இருந்தார் என்பதே நெஞ்சை அறுக்கிறது.

ஹாலிவுட்டில் உள்ள இடுகாட்டில் புதைத்தார்கள். கல்லறையின் மேல் கல்லில்லை. பெயருமில்லை.

எஞ்சியது என்ன?

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் அப்படியே கிடந்தது. 1991-இல் ஒருவர் செலவு ஏற்று நினைவுக்கல் பதிக்கச் செய்தார். தம் பெயரை அவர் வெளியிடவில்லை. நடிகர் ராடி மெக்டவால்தான் அவர் என்பது பின்னர் தெரியவந்தது. பயாகிராப் பெண் என்றும், முதல் திரைப்பட நட்சத்திரம் என்றும் அக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். பிறந்த ஆண்டை மட்டும் 1890 என்று தவறாக வெட்டிவிட்டார்கள். ஆனாலும் பெயர் இருக்கிறது.

அவர் நடித்தவை ஏறத்தாழ முந்நூறு படங்கள். அவற்றில் அவர் பெயரை முரசறைந்து வெளியிட்ட ஐ.எம்.பி. படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. பெயரை மறைத்த பயாகிராப் படங்களோ பெரும்பாலும் எஞ்சியிருக்கின்றன. இதற்கும் ஒரு காரணம் உண்டு. 1912 வரை அமெரிக்கச் சட்டத்தில் திரைப்படத்திற்கெனத் தனிப் பதிவுரிமை இல்லை. ஆகவே படத்தின் ஒவ்வொரு காட்சியையும் நீண்ட காகிதச் சுருளில் அச்சிட்டு, புகைப்படம் என்று சொல்லி, வாஷிங்டனில் உள்ள அரசு நூலகத்தில் பதிவு செய்தார்கள். எளிதில் எரியும் படச்சுருள் அழிந்தது, காகிதம் பிழைத்தது. முதலாளியின் உடைமையைக் காக்கப் போட்ட பூட்டு, தொழிலாளியின் முகத்தையும் சேர்த்துக் காத்துவிட்டது. அக்காகிதங்களிலிருந்து மீட்டெடுத்த படங்களில் பிளாரன்ஸ் இன்றும் குதிரை ஏறுகிறார், அழுகிறார், சிரிக்கிறார். படத்தில் இல்லாத பெயரை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்பு நண்பர்களே! நாம் அன்றாடம் பயன்படுத்தும் எத்தனையோ பொருள்களுக்குப் பின்னால் பெயர் சொல்லப்படாத மனிதர்கள் இருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் விதி இருக்கிறது, கருவி இருக்கிறது, அதைச் செய்து பார்த்தவர்களில் பலருடைய பெயர் இல்லை. பெயர் வெளியானதால் மட்டும் பிளாரன்ஸின் வாழ்வு காப்பாற்றப்படவில்லை என்பதும் உண்மை. நோயில் துணையும், முதுமைக்கு ஊதியமும், விபத்திற்கு ஈடும் இல்லாத இடத்தில் புகழ் என்ன செய்யும்? ஆனால் பெயரே இல்லாதவர்க்கு அவற்றைக் கேட்கும் வாய்ப்புக்கூட இல்லை. உரிமையின் முதற்படி பெயர்.

சாலையில் முன்னே செல்லும் வண்டியின் பின்புறம் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த அம்மையாரின் நினைவு வருகிறது. இனி உங்களில் சிலருக்கும் வருமானால், இக்கட்டுரை எழுதியதன் பயனை அடைந்தவனாவேன்.